தூக்கிவிட வேண்டாத வண்டி

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் பிறந்தது என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். உண்மையில் இது ஒரு பொய்யில் பிறந்தது. பொய் சொன்னவள் நான். பிடித்தவள் என் தம்பி மகள். எந்த இடத்தில் என்று போகிற வழியில் காட்டுகிறேன். முதலில் அழைப்பு.

"அத்தை, சனிக்கிழமை காலைல உங்களுக்கு வேலை இருக்கா? அப்பா வண்டி பார்க்கப் போறார். எனக்கு ஒரு ஓட்டு குறையுது."

வயது பதினான்கு. வீட்டில் அவளுக்கு மேனேஜர் என்று பெயர். யார் எத்தனை மணிக்கு எங்கே இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவள் வாயிலிருந்துதான் வரும். ஐந்து வருடங்களாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறாள்.

[ஏன் என்று விளக்கி இங்கே ஒரு பத்தி இருந்தது. "இது வண்டி வாங்குற கதையா, என் உடம்பைப் பத்தின கதையா?" என்று கேட்டாள். எடுத்துவிட்டேன்.]

"எனக்கு வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாதேடி. ஓட்டக்கூடத் தெரியாது."

"அதனாலதான் கூப்பிடறேன். தெரிஞ்சவங்க எல்லாரும் அப்பா பக்கம் போயிட்டாங்க."

2

தொடக்கங்கள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

"மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது..." வேண்டாம். கதைகளில் ஏற்கெனவே வெள்ளம்.

"அவள் சொந்தக் காலில் நிற்க..." எழுதி முடிப்பதற்குள் எனக்கே நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. இதை அவளிடம் சொன்னபோது சிரித்தாள். "ஒத்தைக்கால்ல நிக்கறது, சொந்தக் கால்ல நிக்கறது, கால் ஊணறது. நிக்கறதுக்கு மட்டும் தமிழ்ல இவ்வளவு இருக்கா? நான் சொந்தக் கையால ஏறணும்னு எழுதுங்க."

மூன்றாவது: "என் தம்பி ஒரு லிஃப்ட் மெக்கானிக்." இது உண்மை. பதினெட்டு வருடமாக அந்த வேலைதான். ஆனால் தூக்குவதைப் பற்றிய கதையில் தூக்குகிற தொழிலை வைத்தால், 'எழுத்தாளர் திட்டம் போட்டுவிட்டார்' என்பீர்கள். பிழைப்புக்கு அவன் தேர்ந்தெடுத்த வேலைக்கு நான் பொறுப்பில்லை.

ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

அவர்கள் வீடு ஒரு சரிவின் கடைசியில் இருக்கிறது. தார்ச்சாலை முடிந்தபிறகு முந்நூறு மீட்டர் மண்பாதை. நடுவில் ஓடையைக் கடக்க ஒரு தரைப்பாலம். பெருமழை பெய்தால் தண்ணீர் பாலத்தின் மேலேயே ஓடும். பழைய காருக்கு வயிறு தாழ்வு, இருக்கையும் தாழ்வு. நாற்காலிக்கும் இருக்கைக்கும் நடுவே ஒரு சறுக்குப் பலகையைப் பாலம்போல வைத்து, இரண்டு கைகளையும் ஊன்றி மேனேஜர் தானே நகர்ந்து ஏறிவிடுவாள். அதைக் கற்றுக்கொள்ள அவளுக்கு ஒன்றரை வருடம் பிடித்தது.

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு பிற்பகல் மழையில் அந்தக் கார் தரைப்பாலத்தில் நின்றுவிட்டது. உள்ளே அம்மாவும் மகளும். அம்மா, அதாவது என் தம்பி மனைவி, மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். முதுகுத்தண்டில் ஒரு தட்டு நழுவியதிலிருந்து ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. தம்பி வேலையிலிருந்து ஓடிவந்து, முழங்கால் தண்ணீரில் இறங்கி, மகளைத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறினான்.

அந்தக் காரின் கதை அன்றோடு முடிந்தது. அதன்பிறகு அவனுடைய கம்பெனி வேன்தான். உயரமான வேன். காலையில் தூக்கி உட்காரவைப்பான். சாயங்காலம் தூக்கி இறக்குவான். அவன் வேலைக்கு ஏழே காலுக்குக் கிளம்ப வேண்டும் என்பதால், பள்ளியின் பூட்டிய கேட்டுக்கு வெளியே மேனேஜர் நாற்பது நிமிடம் காத்திருப்பாள். மற்றபடி எங்கே போவதானாலும், அப்பா வந்தால்தான்.*

* தம்பியை வில்லனாக்கிவிடாதீர்கள். அன்று தண்ணீரில் நின்றது அவன் கால்கள். அந்தக் குளிர் அவனை விட்டு இன்னும் போகவில்லை.

3

(முதல் வரைவில் இருந்தபடியே தருகிறேன்.)

ஷோரூமின் தரை முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. தம்பி நேராக, நாலு சக்கரமும் இழுக்கிற அந்தப் பெரிய வண்டியிடம் போய்க் குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தான். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் இரண்டு மாதமாகக் காணாத ஒரு நிம்மதி.

"இது தண்ணில நடக்கும்," என்றான்.

மேனேஜர் மடியிலிருந்த அளவு டேப்பை எடுத்தாள். ஒரு நுனியை என்னிடம் கொடுத்துத் தரையில் பிடிக்கச் சொன்னாள்.

"என் சேர் அம்பத்திரண்டு. இந்த சீட் எண்பத்து நாலு. முப்பத்திரண்டு சென்டிமீட்டர் ஏறணும்பா. நான் என்ன பறவையா?"

"நான் தூக்கி உட்கார வைக்கிறேன். இப்பவும் அதைத்தானே செய்யறேன்?"

"அதைத்தான் நிறுத்தணும்னு சொல்றேன்."

பக்கத்தில் ஒரு ஸ்டேஷன் வேகன் நின்றது. நீளமான உடம்பு, நாற்காலியை மடக்காமலே வைக்கக்கூடிய டிக்கி. இருக்கை ஐம்பத்தெட்டு. மேனேஜரின் கண் அதன்மேலேயே இருந்தது. தம்பி அதன் அடியில் தன் கையை விட்டுக் காட்டினான், மணிக்கட்டு தட்டியது.

"நம்ம பாதையில முதல் மேட்டுலயே இடிக்கும். மறுபடியும் பாலத்துல நிப்பீங்க. அன்னைக்கு நான் பத்து நிமிஷம் லேட்டா வந்திருந்தா?"



"நீங்க வேலைக்குப் போனப்புறம் அவ வெளிய போகணும்னா யாரு தூக்குவா?" என்று தம்பி மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"சாயங்காலம் வந்துடறேன்ல?"

அப்போது விற்பனையாளர் வாயெல்லாம் பல்லாக முன்னால் வந்தார். "அப்பா தூக்கினா என்ன குறைஞ்சு போச்சு? எத்தனை பேருக்கு இந்தக் கொடுப்பினை இருக்கு?"

மேனேஜர் டேப்பைச் சுருட்டினாள். நாற்காலியை வாசல் பக்கம் திருப்பினாள்.

4

இந்த வரைவை அவளிடம் படிக்கக் கொடுத்தேன். பென்சிலோடு படித்தாள். இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்தினாள். விற்பனையாளர் பேசுகிற இடத்தில் பென்சில் நின்றது.

"இதை அவர் சொல்லலையே, அத்தை."

"கதைதானே..."

"நீங்க சொன்னது."

நான் சொன்னதுதான். 'கொடுப்பினை' உட்பட. தம்பி முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் அவனுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னேன். ஓட்டுப் போட வந்த இடத்தில் கட்சி மாறினேன். வீட்டுக்கு வந்து கதையாக எழுதும்போது, அந்த வாக்கியம் எனக்கே கசந்தது. அதைத் தூக்கி, திரும்பி வந்து கேட்க வாய்ப்பில்லாத ஒரு மனிதரின் வாயில் வைத்துவிட்டேன். எழுதுகிறவர்களுக்கு இது எவ்வளவு சுலபம் என்று உங்களுக்குத் தெரியாது.

"அவர் எவ்வளவு நல்லவர் தெரியுமா?" என்றாள். "மத்தவங்க எல்லாம் அப்பாகிட்டதான் பேசுவாங்க. அவர் என்கிட்ட கேட்டார், நீங்க எந்தப் பக்கமா ஏறுவீங்கன்னு. நீங்கன்னு சொன்னார். எங்க இருந்தோ ஒரு ஸ்டூல் தூக்கிட்டு வந்தார். கடைசியில, எங்ககிட்ட இருக்கற எதுவுமே உங்களுக்குச் சரியா வராதும்மான்னு ஒத்துக்கிட்டார். விக்கிற மனுஷன் அப்படிச் சொல்வாரா? அவருக்குப் போய் வாயெல்லாம் பல்லுன்னு எழுதியிருக்கீங்க."

மன்னிப்புக் கேட்டேன்.

"மன்னிப்பெல்லாம் அப்புறம். முதல்ல திருத்திட்டு வாங்க."

மூன்றாம் பகுதியைத் திருத்தாமல் விட்டதற்குக் காரணம், திருத்திவிட்டால் நான் செய்தது மறைந்துவிடும். ஆகையால் வாசகரே, அந்த விற்பனையாளரின் பற்களை நீங்களே உள்ளே தள்ளிவிடுங்கள். ஸ்டூலைக் கொண்டுவந்து வையுங்கள். அந்த வாக்கியத்தை என் வாய்க்குத் திருப்பிக் கொடுங்கள்.

5

வண்டியைக் கண்டுபிடித்தது தம்பி மனைவி. மருந்துக்கடைக்கு மொத்தமாக ஊசியும் பஞ்சும் வாங்க வருகிற ஒரு கால்நடை மருத்துவர் அம்மா இருந்தார். பண்ணை பண்ணையாகச் சுற்றுகிறவர். அவருடையதும் ஸ்டேஷன் வேகன்தான். ஆனால் மேடு பள்ளத்துக்கென்றே தரையிலிருந்து சற்றுத் தூக்கிக் கட்டியது, நாலு சக்கரமும் இழுக்கும். புது வண்டி வர இன்னும் ஆறு வாரம் ஆகும், வந்ததும் இதைக் கொடுத்துவிடுவேன் என்றார். "நாய் வாடை போகாது. அதுக்கு நான் பொறுப்பில்ல," என்றும் சொன்னார்.

தம்பி போய் அதன் அடியில் மல்லாந்து படுத்தான். கால் மணி நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முதுகெல்லாம் மண்.

"இருபத்தொரு சென்டிமீட்டர் இடைவெளி. அடித்தகடு கெட்டியா இருக்கு. நம்ம பாதைக்குப் போதும்." பிறகு டேப்பை வாங்கி இருக்கையை அளந்தான். அறுபத்து நான்கு. சில நொடிகள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மகள் பக்கம் திரும்பினான்.

"பன்னிரண்டு ஏறணும். உன்னால முடியுமா?"

இந்த இடத்தில் நான் ஒரு பக்கம் எழுதியிருந்தேன், அவன் மனம் எப்படி மாறியது என்று. எல்லாம் ஊகம். எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: இரண்டு மாதத்தில் அவன் அவளைக் கேட்ட முதல் கேள்வி அது. அதற்குமுன் எல்லாமே பதில்களாக இருந்தன.

"இப்ப முடியாது," என்றாள். "ஆறு வாரம் இருக்குல்ல?"

மறுநாள் தம்பி பன்னிரண்டு மில்லிமீட்டர் பிளைவுட்டில், பத்து அடுக்குக்கு நாற்பது துண்டு அறுத்துக்கொண்டு வந்தான். நாற்காலி உயரமே இருந்த அவள் கட்டிலின் நாலு காலுக்கும் அடியில் முதல் அடுக்கை வைத்து, ரசமட்டம் போட்டு, குமிழி நடுவில் நிற்கிறவரை சரிபார்த்தான். லிஃப்ட் வேலை செய்கிறவன். ஒரு நூல் சாய்வும் அவனுக்கு ஆகாது. நாலைந்து நாளுக்கு ஓர் அடுக்கு. கட்டில் ஏற ஏற அவளும் ஏற வேண்டும்: பள்ளி விட்டு வந்ததும் இருபது தடவை, பலகையை வைத்து, நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு.

 பயிற்சி சொல்லித்தந்த பிசியோதெரபிஸ்ட், எட்டு சென்டிமீட்டருக்கு மேல் மேல்நோக்கி நகர்வது கஷ்டம் என்றார். 'கஷ்டம்னா முடியாதா, வலிக்குமா?' என்று மேனேஜர் விளக்கம் கேட்டாள். 'வலிக்கும்' என்றார். 'சரி' என்றாள்.

ஏழாவது அடுக்கில் விழுந்தாள். நான் அப்போது அங்கே இல்லை. தம்பி மனைவி தொலைபேசியில் சொன்னாள். "முழங்கை கன்னிப்போச்சு அண்ணி. இவர் உடனே ஒரு அடுக்கை உருவப் போயிட்டார். நான்தான் இருங்கன்னேன். விழுந்தவ அழல, நாம எதுக்கு இறக்கணும்?"

"நீ அழுதியா?"

"கடைக்குப் போய் அழுதேன்."

6

ஆறாவது வாரம், சனிக்கிழமை காலை, மருத்துவர் வீட்டு முற்றம். நாய்களை உள்ளே கட்டிவிட்டு வந்தார்.

கட்டில் வேறு, கார் வேறு. கதவு இடிக்கிறது, கூரை தலையில் தட்டுகிறது, இருக்கையின் விளிம்பு வெளிப்பக்கம் புடைத்திருக்கிறது. முதல் தடவை பாதியில் சறுக்கி நாற்காலிக்கே திரும்பினாள். இரண்டாவது தடவை பலகை நழுவியது. தம்பியின் இரண்டு கைகளும் தாமாக முன்னால் போயின.

"அப்பா. கை."

கைகளை இழுத்துக்கொண்டான். அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் கடைசியில் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

மருத்துவர் வேலிப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். "பசு கன்னு போடறப்பவும் நான் இப்படித்தான் நிப்பேன். வேடிக்கை பார்த்தா அதுக்கு வராது."

"நான் பசுவா டாக்டர்?" என்று மேனேஜர் மூச்சு வாங்கியபடி கேட்டாள். சிரிப்பு வந்து கொஞ்ச நேரம் கையில் பலமே இல்லாமல் போய்விட்டது. எல்லாரும் காத்திருந்தோம்.

[நான் முன்கூட்டியே இரண்டு முடிவுகள் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். ஒன்றில் முடியாமல் போய், அப்பா தூக்க, அதை அவள் ஏற்றுக்கொள்கிறாள். மற்றொன்றில் ஒரே மூச்சில் ஏறிவிடுகிறாள். இரண்டும் பையிலேயே கிடந்தன.]

மூன்றாவது தடவை பலகையைச் சாய்வாக வைத்தாள். இடது கை இருக்கையில், வலது கை நாற்காலியின் சக்கரத்தில். ஒரு விரற்கடை. நிறுத்தம். இன்னொரு விரற்கடை. கழுத்து நரம்பு புடைத்தது. ஓரிடத்தில் முன்னும் இல்லை, பின்னும் இல்லை என்று அப்படியே நின்றாள், நெடுநேரம். பிறகு தலையைத் தாழ்த்தி உடம்பை உள்ளே எறிந்தாள். பலகையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, கால்களை ஒவ்வொன்றாகக் கையால் உள்ளே வைத்தாள். கதவைச் சாத்தினாள்.

தம்பி கடிகாரத்தைப் பார்த்தான். "பதினோரு நிமிஷம். தினம் காலைல பதினோரு நிமிஷம் ஆகுமே..."

"பதினோரு நிமிஷம் முன்னாடி எழுந்துக்கறோம்," என்றாள் தம்பி மனைவி. காலி நாற்காலியை, தம்பி அறுத்துவைத்திருந்த சாய்வுப் பலகை வழியாக டிக்கிக்குள் உருட்டிவிட்டு, சாவியை வாங்கிக்கொண்டு ஓட்டுநர் பக்கம் போனாள்.

7

பத்து நாள் கழித்து, ஒரு புதன்கிழமை மாலை நாலரை மணிக்குத் தம்பி கூப்பிட்டான்.

"அக்கா, இன்னைக்கு வேலை சீக்கிரம் முடிஞ்சு வந்தேன். வீட்ல யாருமில்ல."

"எங்க போயிட்டாங்க?"

"தெரியல. வண்டியக் காணோம். ஒரு சீட்டு எழுதி வச்சிருக்கா. 'வெளில போறோம். சாப்பாடு மூடி வச்சிருக்கு.' அவ்வளவுதான்."

"ஃபோன் பண்ணிப் பாரேன்."

"பண்ணலாம்தான்." வீட்டின் காலியான சத்தம் எனக்கே கேட்டது. "பண்ண வேணாம்னு இருக்கேன். சும்மா உங்ககிட்ட சொல்லணும்னு தோணிச்சு."

அவன் குரலில் இருந்தது வருத்தமா சந்தோஷமா என்று தெளிவாக எழுதிவிட இரண்டு நாளாக முயல்கிறேன். வரவில்லை.

எங்கே போனார்கள் என்பதற்கு மட்டும் மூன்று இடங்கள் வைத்திருந்தேன். மலையடிவாரம் ஒன்று, கடல் ஒன்று, வெறும் காய்கறிக் கடை ஒன்று. மேனேஜரிடமே கேட்டுவிடலாம் என்று கேட்டேன்.

"அது உங்க கதைக்கு எதுக்கு அத்தை?" என்றாள்.

மூன்றையும் அடித்துவிட்டேன். நீங்கள் வேண்டுமானால் ஓர் இடம் போட்டுக்கொள்ளுங்கள். நல்ல இடமாகப் போடுங்கள். திரும்பி வர நேரமாகட்டும்.