மஞ்சள் விளக்கும் மூன்றடுக்குக் கேக்கும்

எங்கள் அத்தானைப் போல் எச்சரிக்கைக்கு மரியாதை கொடுக்கத் தெரிந்த மனிதர் இந்தப் பூமியில் இன்னும் பிறக்கவில்லை. இதை நானாகச் சொல்லவில்லை. அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். எதிரில் ஆள் இல்லாதபோதும் சொல்லியிருக்கிறார்.

கட்டடங்களில் தீ அலாரம் பொருத்துவதும், பொருத்தியதைப் பராமரிப்பதும் அவர் தொழில். அந்தத் தொழிலில் அவருக்குத் தீ எதிரி அல்ல. தீ ஓரளவு நாணயமானது, வந்தால் புகையை முன்னே அனுப்பிச் சொல்லிவிடும் என்பார். எதிரிகள் மனிதர்கள்தாம், அலாரம் கத்துகிறதே என்று அதன் வாயைக் கட்டுகிறவர்கள். ஸ்மோக் டிடெக்டருக்குக் குளியல் தொப்பி மாட்டியவர், காலுறை மாட்டியவர், பிஸ்கட் உறையை ரப்பர் பேண்டால் கட்டியவர், மினுக்கும் விளக்கின்மேல் கறுப்பு டேப் ஒட்டியவர் என்று எல்லோருடைய கைவண்ணத்தையும் போட்டோ எடுத்துப் போனில் சேர்த்து வைத்திருக்கிறார். மற்ற வீடுகளில் விருந்தாளிக்குக் குழந்தை படம் காட்டுவார்கள். எங்கள் வீட்டில் இது. படத்துக்குப் படம் சிரிப்பவர், டேப் படம் வந்ததும் முகத்தை இறுக்கிக்கொள்வார்.

"தொப்பி மாட்டுறவன்கூட ஏதோ பயந்து மாட்டுறான் மாப்ள. டேப் ஒட்டுறவன் இருக்கானே, அவன் முடிவே பண்ணிட்டவன்."

மாப்ள என்பது நான். அவர் மனைவியின் தம்பி. கல்லூரிக்குப் பக்கம் என்ற ஒரே தகுதியில் அந்த வீட்டின் பின்னறையில் குடியிருக்கிறேன்.

அக்கா கேக் செய்து விற்கிறாள். இதுவரை எல்லாம் மடியில் வைத்துக் கொண்டுபோகிற பிறந்தநாள் கேக்குகள். முதல்முறையாக ஓர் ஓட்டலில் கல்யாண விருந்துக்கு மூன்றடுக்குக் கேக் கேட்டிருந்தார்கள். சேதாரமில்லாமல் வந்து சேர்ந்தால் இனி ஓட்டலுக்கு வேண்டிய கேக் எல்லாம் உங்களிடம்தான் என்று மேலாளர் சொல்லியிருந்தார். சேதாரமானால் என்ன என்று அவர் சொல்லவில்லை. அதை அக்கா தானாகவே யோசித்து யோசித்து ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. எங்கள் தெருவிலிருந்து ஓட்டலுக்குப் போக ஒரே வழிதான்: சறுக்குமரம் மாதிரி இறங்கும் சாலை, அடியில் ஒரு சிக்னல்.

விருந்துக்கு முந்தின மாலை அத்தான் காரைக் கிளப்பியதும் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. பிரேக் அமைப்பைச் சோதிக்கவும் என்று கீழே ஒரு வரி ஓடியது. அத்தான் முகம் மலர்ந்தது. ஊரெல்லாம் அலாரம் பார்த்தவருக்குச் சொந்த வாசலில் ஒன்று வாய்த்திருக்கிறது.

முதலில் ஹேண்ட் பிரேக்கைப் பார்த்தார். இறங்கித்தான் இருந்தது. பானெட்டைத் திறந்தார். பிரேக் ஆயில் டப்பாவில் அளவு அடிக்கோட்டுக்கும் கீழே கிடந்தது. கடைக்குப் போய் ஒரு பாட்டில் வாங்கிவந்து, மேல்கோட்டைத் தாண்டி, கழுத்துவரை ஊற்றினார். விளக்கு அணைந்தது. கையைத் துடைத்துக்கொண்டே, நான் ஏதாவது கற்றுக்கொண்டேனா என்று பார்த்தார்.

முழங்கைவரை கிரீமோடு அக்கா வெளியே வந்தாள். கையில் காரோடு வந்த கையேடு. அதை அந்த வீட்டில் யாரும் திறந்து நான் பார்த்ததில்லை.

"இதுல ஊத்துங்கன்னு மட்டும் போடலைங்க. ஏன் குறைஞ்சதுன்னு பாருங்கன்னு போட்டிருக்கு. பேட் தேஞ்சிருக்கும், இல்ல எங்கயோ ஒழுகும்."

விளக்குதான் அணைந்துவிட்டதே என்றார் அத்தான்.

"புகை எங்கன்னு தேடாம அலாரத்தை அமுத்துறவங்களைப் பத்தி நீங்க என்னமோ சொல்லுவீங்களே, அது என்னங்க?"

அத்தான் துடைத்த கையையே இன்னொரு முறை துடைத்தார். "அது வேற டிபார்ட்மென்ட்" என்றார்.

காலையில் காருக்கு அந்த டிபார்ட்மென்ட் கணக்கு புரியவில்லை. இந்தமுறை மஞ்சள் விளக்கு; பிரேக் பேட் தேய்ந்துவிட்டது என்று நேரடியாகவே எழுதிக் காட்டியது. கேக் இந்த வண்டியில் ஏறாது என்று அக்கா ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னாள். வாடகை வண்டி பிடிக்கலாமே என்றேன். முன்பின் தெரியாத ஒருவனின் வலது காலை நம்பி மூன்றடுக்கை ஏற்றச் சொல்கிறாயா என்பதுபோல் பார்த்தாள். ஆகவே நானும் அத்தானும் காரை உருட்டாத குறையாக ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோனோம்.

ஒர்க் ஷாப்காரருக்கு டார்ச் என்று பெயர் வைத்திருந்தார்கள். சின்ன டார்ச் ஒன்றைப் பல்லில் கடித்தபடிதான் வேலை பார்ப்பார், அப்படியேதான் பேசுவார். அதை அவர் வாயிலிருந்து எடுத்தால் விஷயம் பெரிது என்று பொருள்.

முன்சக்கரத்தைக் கழற்றி உள்ளே பார்த்தார். சக்கரத்தைக் கவ்வி நிறுத்துகிற பேட், பிளேடு மாதிரி மெலிந்திருந்தது. ஒழுகலெல்லாம் இல்லையாம். பேட் தேயத் தேய, அதைத் தள்ளுகிற பிஸ்டன் வெளியே வரும். அதன் பின்னால் விழுகிற இடத்தை நிரப்ப ஆயில் இறங்கும். அதனால்தான் டப்பாவில் குறைந்தது. புதுப் பேட் தடிமன் என்பதால் பிஸ்டனை மறுபடி உள்ளே தள்ளவேண்டும். தள்ளினார். இறங்கியிருந்த ஆயில் மேலே ஏறியது. மேலே அத்தான் ஊற்றிய ஆயில் ஏற்கனவே குடியிருந்தது. இரண்டும் சேர்ந்து பொங்கி வழிந்தன.

டார்ச் வாயிலிருந்து வெளியே வந்தது. "யாரு சார் இவ்வளவு ஊத்துனது?"

அத்தான் கூரையைப் பார்த்தார். அவர் நல்ல காலம், அங்கே ஒரு ஸ்மோக் டிடெக்டர் நீல ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, ஐந்து விரலும் தொங்க, அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

செத்த முகத்துக்கு உயிர் வந்தது. முதலில் போட்டோ எடுத்தார். பிறகு பேசினார். கிரைண்டர் ஓடினால் பறக்கிற தூசிக்கெல்லாம் அது அலறுகிறது, தீ இல்லை என்று தனக்குத் தெரியுமே என்று டார்ச் ஏதோ சொல்லிப் பார்த்தார். தெரியும் என்று சொன்னவர்கள் எல்லோரும் தன் போனில் இருப்பதாக அத்தான் சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை. டயர் அடுக்கின்மேல் ஏறிக் கையுறையை உருவினார். தூசி பறக்கிற இடத்தில் புகையைப் பார்க்கிறதை வைக்கக் கூடாது, சூட்டைப் பார்க்கிறதுதான் வைக்கவேண்டும் என்று தன் வேலைப் பையிலிருந்தே ஒன்றை எடுத்து மாற்றினார். கீழே டார்ச், வழிந்திருந்த ஆயிலைத் தண்ணீர்விட்டுக் கழுவி, பேட் மாற்றினார். இருவரும் ஒருவர் வேலையை மற்றவர் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டார்கள்.

கடைசியில் ஒரு சிக்கல் மிஞ்சியது. பேட்டோடு சேர்ந்து அதன் எச்சரிக்கை ஒயரும் தேய்ந்து அறுந்திருந்தது. புதிய ஒயர் அடுத்த வாரம்தான் வரும். அதுவரை மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

"பிரேக் புதுசு சார். விளக்கு பழைய சேதியைத்தான் சொல்லிட்டிருக்கு. உறுத்துச்சுன்னா சின்னதா ஒரு டேப்பை..."

"என்கிட்டயா சொல்றீங்க?" என்றார் அத்தான், பையின் ஜிப்பை இழுத்து மூடியபடி. "எரியட்டும். பாத்துக்கிட்டே ஓட்டுவேன்."

புதுப் பேட் படியவேண்டும், கொஞ்ச தூரம் மெதுவாக அமுக்கி அமுக்கிப் போங்கள் என்று டார்ச் சொல்லியிருந்ததால், விளக்குக் கம்பத்துக்குக் கம்பம் பிரேக் போட்டபடி வீடு வந்தோம். சைக்கிளில் முந்திப் போன ஒருவர் எங்களை அனுதாபத்தோடு திரும்பிப் பார்த்தார். அப்படியும் அக்கா நம்பவில்லை. தளும்பத் தளும்ப ஒரு வாளித் தண்ணீரைப் பின்சீட்டில் ஏற்றி, அத்தானைத் தெருமுனைவரை ஓட்டி நிறுத்திக் காட்டச் சொன்னாள். சீட்டைத் தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தது. அதன்பிறகுதான் கேக் ஏறியது.

கேக் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேலாளர் மறுநாளே அடுத்த ஆர்டருக்குப் பேசினார். நான் சொல்ல வந்தது, சாலை இறங்கத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் நடந்தது.

அக்கா பின்சீட்டில் இரண்டு கையாலும் கேக்கின் அடிப்பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன்சீட்டு இடைவெளியில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த மஞ்சள் விளக்கு ஒன்றுதான். மேலடுக்கின் சர்க்கரைப் பூக்கள் நடுங்குவதை நான்தான் முதலில் பார்த்தேன். வண்டி அப்போது ஆடவில்லை.

"அது பழைய சேதிம்மா. பிரேக் நல்லா இருக்கு. வாளியை நீயே பாத்தியே."

"தெரியுதுங்க. எனக்குத் தெரியுது. இந்தக் கைக்குத்தான் தெரிய மாட்டேங்குது."

அத்தான் காரை ஓரம்கட்டினார். கொஞ்ச நேரம் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பாமல் கையை மட்டும் நீட்டினார்.

"மாப்ள, பையில கறுப்பு ரோல் ஒண்ணு இருக்கும்."

எடுத்துக் கொடுத்தேன். என் இன்னொரு கை போனை நோக்கிப் போனது; பூக்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. அத்தான் நகம் அளவுக்கு ஒரு துண்டு கிழித்து, விளக்கின்மேல் வைத்து, நான்கு மூலைகளையும் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். எந்த மூலை முதலில் தூக்கிக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியாதா என்ன.