தலை இடிக்காத அறை

என் புகுந்த வீட்டில் எல்லோரும் ஒட்டடைக்குச்சி உயரம். நான் மட்டும் குள்ளச்சி. அது மாமியார் வைத்த பெயர். அந்த வீட்டில் என் தையல் மிஷினுக்கு நிலையான இடமே கிடையாது. சமையலறை மூலை, நடை, மாட்டுக்கொட்டகைச் சுவரோரம் என்று துரத்திக்கொண்டே இருந்தார்கள்.

பரணை அறையாக்கலாம் என்று பேச்சு வந்ததும் வாய்விட்டுக் கேட்டேன்.

"மிஷினுக்கா? நல்ல கதையா இருக்கே! சின்னவன் வந்தா எங்க படுப்பான்?" என்றார் மாமியார்.

சின்னவன் என் கொழுந்தன். வெளியூர் வேலை. எப்போதாவது வந்து தூங்கிவிட்டுப் போவான். அந்தத் தூக்கத்துக்கு ஓர் அறை! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பரண் வேலைக்கு வந்த தச்சருக்கு ஒரு பழக்கம். டேப்பால் எவ்வளவு அளந்தாலும், வீட்டு ஆள் ஒருவர் ஏறி நின்று சரி என்று சொல்லாமல் பலகை அறுக்கமாட்டார்.

"தரை இங்க வருது, தலைக்கு மேல விட்டம். யாராவது நின்னு பாருங்க. தரைய இறக்கணும்னா இப்பவே சொல்லுங்க, அப்புறம் முடியாது."

மாமியாருக்கு முட்டிவலி. என் கணவருக்கு ஏணியைக் கண்டாலே கால் உதறும்.

"நீ ஏறுடி" என்றார் கணவர். ஏறினேன்.

"தலை இடிக்குதா?" கீழிருந்து கத்தினார்.

"இல்லங்க."

"நல்லா நிமிர்ந்து நில்லு!"

"நிமிர்ந்துதான் நிக்கிறேன். இடிக்கல."

ஒரு சொல்கூடப் பொய்யில்லை. தச்சர் என்னைப் பார்த்தார், விட்டத்தைப் பார்த்தார், மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

"ஜன்னல் எங்கம்மா வைக்கட்டும்?"

"தாழ்வா வைங்க. உக்காந்தா மடியில வெளிச்சம் விழணும்."

அறை முடிந்ததும் கொழுந்தன் பெட்டியோடு படியேறினான். 'ணங்'கென்று ஒரு சத்தம்.

"ஐயோ, அம்மா!"

முட்டிவலியை மறந்து ஓடிய அம்மாவுக்கும் ஒன்று விழுந்தது. இருவரையும் தூக்கிவிடப் போன என் கணவருக்கு இன்னொன்று. மூவரும் நெற்றியைத் தேய்த்தபடி இறங்கி வந்தார்கள். கொழுந்தன் கூடத்திலேயே பாயை விரித்தான். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"அன்னைக்கே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?" கணவர் எரிந்து விழுந்தார்.

"நின்னது நான். என் தலை இடிக்குதான்னுதானே கேட்டீங்க?"

இப்போது மிஷின் மேலே, ஜன்னலோரம். இனி அதை எவரும் அசைக்க முடியாது. அப்பாடா!

நேற்று மாமியார் ரவிக்கைத் துணியோடு வந்து வாசலில் தயங்கினார்.

"குனிஞ்சு வாங்க அத்தை" என்றேன்.

குனிந்துதான் வந்தார்.