தேதி போடாத கடிதம்

விடியற்காலை ஐந்தரை மணிக்கே தலைமையாசிரியை பள்ளியின் இரும்புக் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். காவலாளியை வேலையிலிருந்து நிறுத்தி எட்டு மாதமாகிறது. தோள் கொடுத்து முட்டினால்தான் கதவு நகரும். உள்ளே போய் மோட்டாரைப் போட்டாள். கழிப்பறைகளில் பிளீச்சிங் பவுடரைத் தூவித் தேய்த்தாள். நெடி கண்ணைக் கரித்தது. கை கழுவிவிட்டு, ஆசிரியர் இல்லாத வகுப்புகளுக்கு யாரை அனுப்புவது என்று கால அட்டவணையோடு உட்கார்ந்தாள். மூன்று வகுப்புகளுக்கு அவளேதான் போக வேண்டும். இத்தனையும் முடிந்த பிறகுதான் தலைமையாசிரியை வேலை தொடங்கும்.

பெருக்கித் துடைக்க ஆயாம்மா ஒருத்திதான் இருந்தாள். நேற்றுக் காலை மாடி வகுப்பைப் பெருக்கும்போது கூரைப் பூச்சு பெயர்ந்து அவள் தோளில் விழுந்தது. முறத்தளவு துண்டு. அரை மணி கழித்து விழுந்திருந்தால் அங்கே நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள்.

மேஜைமேல் தாளாளர் அனுப்பிய காகிதம். 'கட்டடம் நல்ல நிலையில் உள்ளது. ஆயா கால் இடறி விழுந்தார்.' தலைமையாசிரியையின் கையெழுத்துக்காகக் கீழே ஒரு கோடு. மதியம் கட்டடத்தைப் பார்க்க அதிகாரிகள் வருகிறார்கள்.

கையெழுத்துப் போடாவிட்டால்? இந்தப் பள்ளியில் யார் சேர்ந்தாலும் முதல் நாளே தேதி போடாத ராஜினாமாக் கடிதம் கொடுத்தாக வேண்டும். தாளாளர் தேதி எழுதினால் வேலை போயிற்று. போன வருடம் பழைய ஆட்களிடமும் கேட்டு வாங்கச் சொன்னார். 'சும்மா ஒரு வழக்கம்தான்' என்று சொல்லி மற்றவர்களிடம் வாங்கிக் கொடுத்தவளும் இவள்தான். ஆயாம்மாவின் கட்டைவிரலை மையில் அழுத்தியதும் இதே கை.

எதிர்ச் சுவரில் இந்தத் தாளாளர் காலத்துத் தலைமையாசிரியர் பட்டியல். ஏழு வருடத்தில் ஐந்து பேர். ஒருவர் ரத்தக்கொதிப்போடு போனார். ஒருவர் சொல்லாமலே போனார். ஆறாவது பெயர் இவளுடையது. விலகிய நாள் எழுத, பெயின்டர் இரண்டு விரற்கடை இடம் விட்டிருந்தார். மகளுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது. ஆனாலும் தண்ணீர் டம்ளரையும் மாற்றுக் கண்ணாடியையும் பைக்குள் வைத்தாள்.

எட்டரை மணி வாக்கில், கழுத்தில் கட்டிய துணித் தூளியில் தொங்கும் கையோடு ஆயாம்மா வந்தாள், கூடவே கணக்கு டீச்சரும்.

"உன்னை வீட்ல இருக்கச் சொன்னேனே?"

"வீட்ல வலி ஒண்ணுதான் துணை. இங்க கணக்கு டீச்சராச்சும் இருக்காங்க. ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, போங்க."

கணக்கு டீச்சர் சிரிக்கவில்லை. பையைப் பார்த்தாள். "மூட்டை கட்டியாச்சா மேடம்?"

"பயமா இருக்கு டீச்சர். கையெழுத்துப் போடவும் பயம், போடாம இருக்கவும் பயம்."

"நீங்க போனா ஏழாவது ஆள் வருவாங்க. அவங்களுக்கும் இதே பேப்பர்தான். கூரையும் அதேதான்."

"எம்மேல விழுந்தது போகட்டும்மா," என்றாள் ஆயாம்மா. "நான் கால் இடறினேன்னு மட்டும் எழுதிடாதீங்க. இருபது வருஷமா அந்த மாடிப் படியில ஏறி இறங்கறேன்."

தலைமையாசிரியை தலைகுனிந்தாள். "அந்தக் கடிதத்தையெல்லாம் நான்தானே உங்ககிட்ட வாங்கினேன்."

கணக்கு டீச்சர் நிமிர்ந்தாள். "ஆமா, எல்லார்கிட்டயும்தானே வாங்கினீங்க?" என்று கேட்டுவிட்டு, ஆசிரியர் அறையை நோக்கி விடுவிடுவென்று நடந்தாள்.

தலைமையாசிரியை சாவியை எடுத்துப்போய் மாடிப்படிக் கதவைப் பூட்டினாள். பூட்டு மூன்று முறை நழுவியது. திரும்பும்போது கார் ஹாரன் கேட்டது.

தாளாளர் நீலக் கோப்போடு வந்தார். "கையெழுத்து ஆச்சா?"

"மாடியைப் பூட்டிட்டேன் சார். ரிப்பேர் பண்ணாம திறக்க முடியாது."

"யாரைக் கேட்டு? ஸ்கூல் என்னுதா, உங்களுதா?"

"ஸ்கூல் உங்களுதுதான் சார். விழுந்தா சாகப்போற பிள்ளைங்க உங்களுது இல்ல." குரல் யாருடையதோ போலிருந்தது.

அவர் கோப்பிலிருந்து அவள் கடிதத்தை உருவிப் பேனாவைத் திறந்தார். "அஞ்சு பேரை அனுப்பினவன் நான். இன்னைக்கு என்ன தேதி?"

"பதினேழு சார்," என்றாள் வாசலில் நின்ற கணக்கு டீச்சர். அவளுக்குப் பின்னால் வராந்தா நிறைய ஆசிரியர்கள். "அதுல எங்களுதும் பத்தொன்பது இருக்கு. எல்லாத்துலயும் அதே தேதியப் போடுங்க. ஆபீசர்ங்க வந்தா பாடம் நீங்களே நடத்திக்கலாம்."

"என்னுது ரேகை வச்சது," என்றாள் ஆயாம்மா. "அடியில கிடக்கும், தேடிப் பாருங்க."

பேனா காகிதத்தின்மேல் நின்றது. எழுதவில்லை.

"மதியம் பேசிக்கறேன்." கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியேறினார்.

மதியம் என்ன ஆகுமோ, யாருக்கும் தெரியாது. கணக்கு டீச்சர் தலைமையாசிரியையின் கையைப் பிடித்துக்கொண்டாள். தலைமையாசிரியை மாடிப் பிள்ளைகளை வராந்தாவில் உட்காரவைக்கச் சொல்லிவிட்டு, பைக்குள்ளிருந்த டம்ளரை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

வெளியே ஆயாம்மா பழக்கமில்லாத இடக்கையால் மணியடித்தாள். ஓசை கோணல்மாணலாக வந்தது. ஆனாலும் பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டது.