ரேகை விழாத விரல்கள்

திண்டிவனம் பைபாஸில் டீ குடிக்க இறங்கியதுமே சாதிக் பாட்சா ஆரம்பித்துவிட்டான். "இதெல்லாம் ஒரு ஏர்போர்ட்டா? பொட்டியத் தொறன்றான், மூடுன்றான். க்யூல நிக்க வெச்சே சாவடிக்கிறான், ஒரே பேஜாரு. நாடே இப்டித்தான். அங்கல்லாம் ஜல்தியா அனுப்பிடுவான்."

கேட்டுக்கொண்டிருந்தவன் உஸாமா, குல்சும் பீவியின் தம்பி. அக்காவையும் மச்சானையும் சென்னையிலிருந்து கோட்டக்குப்பத்துக்குக் காரில் அழைத்துப் போகிறான். குல்சும் கணவனைப் பார்த்தாள். கொஞ்சமும் கூசாமல் எப்படி அளக்கிறான் இந்த மனுஷன்!

போன மாதம்தான் அவள் முதல்முறையாக அவன் வேலை பார்க்கும் வெளிநாட்டுக்குப் போனாள். புருஷனிடம் பயணம் போகிற பெண் பத்து விரல் நுனியிலும் மருதாணித் தொப்பி போட்டுக்கொள்வது அவர்கள் வீட்டு வழக்கம். நன்றாகப் பற்றியிருந்தது. அந்த நாட்டு இமிக்ரேஷன் மிஷினில் ஒரு விரலின் ரேகையும் விழவில்லை. கவுண்டரில் இருந்த பொடியன் செத்த கரப்பானைத் தள்ளுவதுபோல அவள் விரலைப் பேனாவால் தள்ளினான். கழுவிக்கொண்டு வா என்று விரட்டினான். மருதாணி கழுவினால் போகுமா? கடைசியில் வெளியே காத்திருந்த சாதிக்கை உள்ளே கூப்பிட்டார்கள்.

வீட்டில் சோற்றில் உப்பு குறைந்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோகிறவன், தன் வயதில் பாதிகூட இல்லாத அந்தப் பயலிடம் "சார், சார்" என்று குழைந்தான். "வில்லேஜ் லேடி சார், நோ எஜுகேஷன்" என்று அவளைக் காட்டி இளித்தான். பி.காம் முடித்தவள் அவள். பொடியனும் சிரித்துவிட்டு முத்திரை குத்தினான். அதன்பிறகு சாதிக் ஒரு மாதம் மால் மாலாகச் சுற்றிக் காட்டினான். அவள் கண்ணில் எந்த விளக்கும் நிற்கவில்லை. அந்த இளிப்புதான் நின்றது. அருவருப்பாக இருந்தது.

"இன்னாக்கா, நீ ஒண்ணுமே சொல்லல? ஊரு எப்டி?" என்றான் உஸாமா.

"அவ இன்னாடா சொல்லுவா? அசந்துபோய்ட்டா. திங்கக்கெழம பசங்களுக்கு டி.சி. வாங்கிக்கினு எல்லாரும் அங்கியே போய்ட்றோம்."

குல்சும் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "ஊரு நல்லாதான் கீது. உங்களத்தான் அங்க பாக்க சகிக்கல. டி.சி. வாங்கப் போறதில்ல. பசங்க அவங்க அத்தாவ அப்டிப் பாக்க வேணாம்."

சாதிக் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. உஸாமா போய் வண்டியைக் கிளப்பினான்.

எப்போதும் பின்னால் உட்காருகிறவள், முன்கதவைத் திறந்து தம்பி பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள். பின்சீட்டில் சாமான்களுக்கு நடுவே ஒரு ஆள் ஒடுங்கி உட்கார இடம் இருந்தது.