கிருஷாந்தியின் முறை

நாகலெட்சுமியின் வலது தோள் பூட்டிக்கொண்டு மூன்று மாதம். தேயிலைக் கொழுந்தைக் கிள்ளிவிடலாம், கிள்ளியதைத் தோளுக்கு மேலே வீசி முதுகுக் கூடையில் போடத்தான் முடியவில்லை. கொண்டை முடியவும் கை ஏறாது. ரப்பர் வளையத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் எதையோ சுற்றிவைப்பாள்.

தோட்டத்து லயவரிசையில் பக்கத்து அறையான காம்பராவில் இருக்கும் கிருஷாந்தி நுவரெலியா ஓட்டல் ஒன்றில் மசாஜ் வேலை செய்கிறவள். ஞாயிறு லீவில் வந்தவள் இதைப் பார்த்துவிட்டு, நல்லெண்ணெயைச் சுடவைத்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

"மூச்ச விடுங்கக்கா. புடிச்சி வச்சிக்கிட்டா தோளு எப்படி எளகும்?"

"விட்டா கத்திருவேன்டி."

"கத்துங்க. ஒங்கள வேல வாங்குற கண்டாக்கையா வரட்டும், அவருக்கும் ரெண்டு புடி போட்டு விடுறேன்."

நாகலெட்சுமியின் புருஷன் சிவசாமிக்குக் கொழும்பில் கடைவேலை. தீபாவளிக்கு வந்து போனவர்தான். அதற்குப் பிறகு அவள் உடம்பில் இன்னொரு கை பட்டது அன்றைக்குத்தான். கண் கலங்கியதற்கு வலி என்று சொல்லிவைத்தாள்.

தேய்த்து முடித்ததும் கிருஷாந்தி அவளைக் கதவோரம் நிறுத்தி, விரல்களைக் கதவில் நண்டு மாதிரி ஏறவிடுவாள். எட்டிய இடத்தில் ஒரு கரிக்கோடு. முதல் ஞாயிறு கோடு காதளவில் நின்றது. மூன்றாம் ஞாயிறு நெற்றியைத் தாண்டியது. திங்கட்கிழமை மலை ஏறும்போதே அந்தச் சூடான உள்ளங்கைக்கு மனசு ஏங்கத் தொடங்கிவிடும்.

நாலாம் ஞாயிறு கை தலைக்கு மேலே போனது.

"அடுத்த ஞாயிறு என் மொற," என்றாள் கிருஷாந்தி. "ஊரு ஒடம்பெல்லாம் புடிச்சி என் இடுப்பு குனியவே மாட்டேங்குது. அன்னைக்கே மாலைதீவுக்கு வேலைக்குக் கெளம்புறேன், ரெண்டு வருசம். ஏமாத்தீராதீங்கக்கா."

"விடிஞ்சதும் எண்ணெய எடுத்து வச்சிர்றேன், வா."

சனிக்கிழமை பொழுதுசாய, மறுநாள் கைக்காசு என்றார்கள் தோட்டத்தில். பறிக்கிற கிலோவுக்குக் கையிலேயே காசு. கைதான் ஏறுகிறதே! பத்து மணிக்குள் திரும்பிவிடலாம் என்று, எண்ணெய்க் கிண்ணத்தை அடுப்போரம் மூடிவைத்துவிட்டுப் போனாள். வீசின கொழுந்து தோளைத் தாண்டிக் கூடையில் பொத்தென்று விழ விழ, நேரம் போனதே தெரியவில்லை. கொழுந்து நிறுத்து முடிய மூன்று மணி.

லயத்துக்கு ஓடிவந்தாள். கிருஷாந்தியின் காம்பராவில் பூட்டு. எதிரே விறகு பிளந்துகொண்டிருந்த மூக்கன் நிமிர்ந்தார்.

"ரெண்டு மணி பஸ்ஸுல போயிருச்சி புள்ள. ஒங் கதவ ரெண்டு தடவ தட்டுச்சி. இடுப்பப் புடிச்சிக்கிட்டேதான் ரோட்டுக்கு ஏறுச்சி."

நாகலெட்சுமி உள்ளே போனாள். இரண்டு கையையும் தூக்கி, அவிழ்ந்த கொண்டையை முடிந்தாள். வலிக்கவில்லை. எண்ணெய்க் கிண்ணம் மூடினபடியே இருந்தது. கிருஷாந்தியின் இடுப்புக்கு ஒரு தடவை எண்ணெய் தேய்த்துவிடுவது இன்னும் பாக்கி.