எழும்பிய மாடிக்குப் படி வைத்தவள்

அந்த வீட்டின் மாடி, மழைக்காலம் முடிந்த வாரத்தில், கீழ்த்தளத்தை விட்டு ஒரு சாண் உயரம் எழும்பியது. விரிசல் இல்லை, சத்தம் இல்லை, சுண்ணாம்புகூட உதிரவில்லை. பல் துலக்கிக்கொண்டே வாசலுக்கு வந்த எதிர்வீட்டுத் தையல்காரர்தான் முதலில் பார்த்தார். இரண்டு தளங்களுக்கும் நடுவே பின்தெருவும் அதில் போன ஒரு சைக்கிளும் அவருக்குத் தெரிந்தன. கீழ்த்தளத்தில் இளையவள் தன் கணவனோடு இருந்தாள்; மாடியில் அவளுடைய அக்காவும் அத்தானும். சகோதரிகளுக்குள் மனக்கசப்பு ஏதும் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தெரு முழுக்க மனக்கசப்புதான் காரணம் என்று பேசிக்கொண்டது. மாடி எழும்பியது, அவ்வளவுதான். மாதாமாதம் இன்னும் கொஞ்சம் எழும்பியது. தண்ணீர்க் குழாயை ரப்பர் குழாய் போட்டு நீட்டினார்கள், மின்கம்பியை நீட்டினார்கள், நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, வேலி தாண்டிப் போகாதவரை தங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று சொல்லிப் போனார். கீழே வந்துவிடும்படி இளையவள் கெஞ்சினாள். "போடி, இங்க காத்து எப்படி வருது தெரியுமா? துணி கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள காயுது," என்று அக்கா மேலேயிருந்து குரல் கொடுத்தாள்.

சிக்கல் படிக்கட்டில்தான் வந்தது. வீட்டின் வெளிப்பக்கமாக ஏறிய இரும்புப் படிக்கட்டு, மாடி போன இடத்துக்குப் போகாமல் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. வெல்டிங்காரர் ஒருவரைக் கூட்டிவந்து மேலே சில படிகளைச் சேர்த்தார்கள். பார்வைக்கு அழகான வேலை, பற்றவைத்த தடம் காசுகளை வரிசையாகச் சாய்த்து அடுக்கியதுபோல் இருந்தது. பத்து நாள் தாங்கவில்லை. காய்கறிப் பையோடு ஏறிய அக்காவின் காலடியில் ஒரு படி அப்படியே கழன்று விழ, அவள் கைப்பிடியில் தொங்கினாள். தக்காளி மட்டும் தெருவரை உருண்டது. கூப்பிட்டனுப்பியதற்கு அந்த வெல்டிங்காரர் தனக்குத் தலைசுற்றல் என்று சொல்லிவிட்டார். விழுந்த படியை இளையவள் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். உருகிய இரும்பு, மெழுகு சொட்டியதுபோல் மேலாக உட்கார்ந்திருந்தது, உள்ளே கடிக்கவே இல்லை. "கரண்ட் பத்தலை," என்றாள் யாரிடம் என்றில்லாமல். கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பல வருடம் அவள் பேருந்துக்குக் கூடு கட்டும் பட்டறையில் வெல்டிங் வைத்தவள். பட்டறை மூடிய பிறகு மூக்குக் கண்ணாடிக் கடையில் கண்ணாடிச் சில்லு தீட்டும் வேலைக்குப் போனாள். அதற்குப் பிறகு வெல்டிங் ராடைக் கவ்விப் பிடிக்கும் ஹோல்டரைக் கையால் தொட்டதில்லை. தொடவேண்டும் என்று தோன்றியதில்லை என்றுதான் அவளே நினைத்திருந்தாள்.

அவளுக்குத் தெரிந்த மெஷின் அரை ஆள் உயரம் இருக்கும். மேலே சக்கரம், அதைச் சுற்றிவிட்டு, பொறி பிடிக்கும் சத்தத்தைக் கேட்டே கரண்டைப் புரிந்துகொள்ள வேண்டும். படியைத் தானே பற்றவைப்பதென்று போய்க் கேட்டபோது இரும்புக்கடையில் கொடுத்ததோ தோளில் மாட்டிக்கொள்ளும் பெட்டி. அதன் முகப்பில் ஒளிரும் எண், கீழே மூன்று திருகு. கரண்டுக்கு ஒன்று, உருகிச் சேரும் ராடு இரும்பைத் தொடும் கணத்தில் கொஞ்சம் கூடுதலாகச் சூடு கொடுக்க ஒன்று, ராடு இரும்போடு ஒட்டப்போகும்போது தள்ளிவிட ஒன்று. "எல்லாம் நம்பர்தாம்மா இப்ப," என்றார் கடைக்காரர். நம்பர் அவளை முதல் வாரம் பாடாய்ப் படுத்தியது. அறுபதில் வைத்தால் ராடு இடுப்பை விட்டு இறங்காத பிள்ளைபோல் தகட்டோடு ஒட்டிக்கொண்டது. நூற்று முப்பதில் தகட்டில் ஓட்டை விழுந்தது. ஹோல்டர் கம்பியும் எர்த் கம்பியும் மெஷினில் இடம் மாறிக் கிடந்ததைக் கண்டுபிடிக்க ஒரு பிற்பகல் முழுக்கப் போனது. கை இரண்டாம் நாளே பழக்கத்துக்கு வந்துவிட்டது. ஆனால் உருகும் இரும்புக் குழம்பு கண்ணுக்குத் தெரியவில்லை. வயது தன் வேலையைச் செய்திருந்தது. தான் வேலை பார்த்த கண்ணாடிக் கடையிலிருந்து படிக்கும் கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்து முகமூடிக்குள் மாட்டிக்கொண்டாள். அடுத்த ராடில் குழம்பு தெளிந்த குளம்போல் விரிந்தது. "அடி சக்கை!" என்று முகமூடிக்குள்ளேயே கத்தினாள். மெல்லிய ராடுக்கு எண்பத்தைந்து, தடித்ததற்கு நூற்றிருபது, செங்குத்தாக மேலே ஏற்றும்போது அதில் இருபது குறைவு. ஈரம் ஏறிய ராடுகளை ரொட்டிக்கடையில் வேலை பார்த்த அவள் கணவன் எடுத்துப்போய், ரொட்டி இறக்கிய அடுப்பின் மிச்சச் சூட்டில் காயவைத்துக் கொண்டுவந்தான். அந்த வருடம் அந்த வீட்டு ராடுகளில் லேசாக வெண்ணெய் வாசம் அடித்தது.

மாடி ஏற ஏற அவளும் ஏறினாள். தரையிலிருந்து கால் ஊன்றி, குறுக்கே சட்டம் போட்டு, நடுவே நின்று இளைப்பாற இடம் விட்டுப் படிக்கட்டை வளர்த்தாள். மாடி ஆள் உயரத்துக்குப் போனபோது புதிய தொல்லை வந்தது. எண் சரியாகக் காட்டியது, பொறி மட்டும் சோர்ந்து விழுந்தது. மெல்லிய ஒயரை நீட்டி மெஷினை மேலே தூக்கிப் போனதுதான் குற்றம் என்று புரிய இரண்டு படி வீணானது. மெஷினைக் கீழேயே வைத்துத் தடித்த கேபிளை மேலே இழுத்தாள். ஆனால் திருகு கீழே, அவள் மேலே. திருகைத் திருப்பும் பொறுப்பு, பொறியைக் கண்டாலே பயப்படும் கணவனுக்கு வந்தது.

"ஏங்க, எண்பத்தஞ்சு வைங்க!"

"எம்பதா?"

"எண்பத்தஞ்சு!"

"அதைத்தாம்மா நானும் சொல்றேன், எம்பது!"

தெருவில் போகிறவர்களும் சேர்ந்து எண்ணைக் கத்தத் தொடங்கிய பிறகு வேலை ஓடியது.

நாலு மூலையிலும் இரும்புப் பட்டை வைத்து மாடியைக் கீழ்த்தளத்தோடு கட்டிப் போட்டால் என்ன என்று அத்தான் ஒருநாள் கேட்டார். நியாயமான யோசனைதான். இளையவள் கட்டினாள், பற்ற வைத்த இடம் அசையவே இல்லை. மூன்றாம் நாள் கீழ்வீட்டு வாசற்படிக்கும் தெருவுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி தெரிந்தது. கிரைண்டரை எடுத்துப் பட்டைகளை அறுத்துத் தள்ளினாள். வீடு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தது. மாடி தன் வழியில் போனது.

அத்தானுக்கு நெஞ்சு வலித்த காலையில்தான் மாடி, அதுவரை செய்யாத வகையில், ஒரே மூச்சில் ஆள் உயரம் எழும்பியது. "ஏய், இவருக்கு வேர்த்துக் கொட்டுதுடி!" என்று அக்கா அலறினாள். மருத்துவமனை வண்டி வந்து நின்றது. தூக்க வந்த ஆட்கள் கடைசிப் படியில் நின்று மேலே பார்த்தார்கள். அத்தான் பீரோ கனம். வரப்போகும் மாதங்களுக்கென்று அவள் முன்கூட்டியே செய்து வைத்திருந்த ஆள் உயரப் படித்துண்டு முற்றத்தில் கிடந்தது. அதைக் கயிற்றில் கட்டி, மறுமுனையை மேலே எறிந்தாள். "இழுத்துப் பிடிச்சுக்க அக்கா. வெளிச்சத்தப் பாக்காத, கண்ண மூடிக்க. நான் சொல்ற வரைக்கும் திறக்கக் கூடாது." அக்கா கயிற்றை இடுப்பில் சுற்றி, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். காற்று அடித்தது. இளையவள் கடைசிப் படியில் நின்று ராடை இரும்பில் வைத்தாள். பொறி பிடிவாதமாகச் சிதறியது.

"எவ்வளவு வைக்கட்டும்?" என்றான் கணவன் கீழேயிருந்து.

"நம்பர் வேணாம். மெல்ல ஏத்துங்க, நான் சொல்லும்போது கையை எடுத்துடுங்க."

திருகு நகர்ந்தது. சடசடப்பு மாறி, கொதிக்கும் எண்ணெயில் ஏதோ ஒன்று நிதானமாகப் பொரியும் சத்தம் வந்தது. பட்டறைக் காலத்தில் அவள் காது படித்து வைத்திருந்த சத்தம். "விடுங்க!" என்றாள். அதன் பிறகு அவளுக்குக் காற்றும் தெரியவில்லை, அலறலும் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் கீழிருந்து மேலாக ஏற்றி, கசடு தட்டி, இன்னொரு முறை ஏற்றினாள். பிறகு தானே அதன் மேல் ஏறி நின்று குதித்துப் பார்த்தாள். "கண்ணத் திற அக்கா!" அத்தானை நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் இறக்கினார்கள். படி முனகக்கூட இல்லை. அந்த வலியிலும் அவர், ஓரச் சட்டத்தைத் தொட்டுவிட்டு, "என்னம்மா, படி சுடுது," என்றார்.

கீழே இறங்கியதும்தான் கேட்டாள்: "என்ன நம்பர் இருக்கு?" கணவன் குனிந்து பார்த்து, "தொண்ணூத்தி நாலு," என்றான். "சரியாத்தான் இருக்கு," என்றாள், கையுறையைக் கழற்றிக்கொண்டே.

அத்தான் பிழைத்து வந்து, அவள் இளைப்பாற விட்ட இடங்களில் பற்றவைத்துக் கொடுத்த இருக்கைகளில் உட்கார்ந்து உட்கார்ந்து வீடு ஏறினார். அவர் கீழே குடிவர மறுத்ததில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. சில வருடங்களில் மாடி, தொலைபேசிக் கம்பிகளைத் தாண்டியது. மேகம் உள்ளே வரும் நாட்களில் அக்கா ஜன்னலைச் சாத்தி வைத்தாள். இளையவள் கண்ணாடிக் கடையை விட்டு நின்றுவிட்டாள். தெருப்பெயர் சொல்லாமல் வெல்டிங்கம்மா வீடு என்றே வழி கேட்டு ஆட்கள் வந்தார்கள்.

ஊரின் மறுகோடிப் பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்பறை ஒன்று எழும்பியபோது, தலைமை ஆசிரியை அவளைத் தேடி வந்தார். இளையவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "படி இரும்பு என்ன தடிமன், டீச்சர்?" என்றாள்.

"எவ்வளவு உயரம் போயிருக்குன்னு கேக்கலையேம்மா?"

"அது நான் வர்றதுக்குள்ள மாறிடும். தடிமன் மாறாது."

மறுநாள் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் போய்ச் சேர்ந்தபோது, வகுப்பறை இன்னும் கொஞ்சம் மேலே போயிருந்தது. உள்ளே கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது.