ஆறு தலையணைகளுக்கு ஓர் அறை

1979ஆம் வருடம் ஆவணி மாதத்தில், தல்லாகுளத்துக் காம்பவுண்டு ஒன்றின் நான்காம் எண் வீட்டில் கூடுதலாக ஓர் அறை முளைக்கத் தொடங்கியது. கொத்தனார் வரவில்லை, செங்கல் இறங்கவில்லை. அதே மாதத்தில்தான் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வர ஆரம்பித்தது. காம்பவுண்டில் எல்லோரும் அதைப் பற்றியே அதிகம் பேசினார்கள்.

நான்காம் எண் வீடு என்பது ஓர் அறையும் அதை ஒட்டிய அடுப்படியும்தான். அதில் எட்டுப் பேர். மாமியார் மாயக்காள் வாசலுக்குக் குறுக்கே படுப்பாள். கொட்டாம்பட்டியிலிருந்து மூன்று பிள்ளைகளோடு வந்து சேர்ந்த மூத்த மகன் குடும்பம் நடுவில். இளைய மகன் காசிமாயன் தண்ணீர்த் தவலைக்கு அந்தப் பக்கம், அவன் மனைவி அன்னக்கொடி இந்தப் பக்கம். கல்யாணமாகி நான்கு வருடம் ஆகியிருந்தது. "வயித்துல ஒரு புழு பூச்சி தங்கலையே" என்று மாயக்காள் குழாயடியில் சொல்லாத நாளில்லை. தை பிறந்ததும் கொட்டாம்பட்டிக்குப் போய் மகனுக்கு வேறு பெண் பார்க்கப் போவதாகவும் சொல்லிவிட்டாள்.

அதிலிருந்து அன்னக்கொடிக்குக் கை நிற்கவில்லை. கூட்டிய இடத்தையே கூட்டினாள், மடித்த சேலையைப் பிரித்து மறுபடி மடித்தாள். உளுந்து பொட்டலம் கட்டி வந்த பத்திரிகைத் தாளில், படுக்கையறைக்கான அலங்காரத் தலையணைகளை நீங்களே தைக்கலாம் என்று ஒரு பக்கம் இருந்தது. வட்டம், சதுரம், ஓரத்தில் சுருக்கு வைத்தது என ஆறு படங்கள். உறையின் ஒரு பக்கத்தைத் திறந்தே விட்டால் துவைக்கச் சுலபம் என்றும், அறையின் அளவைப் பார்த்து எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள் என்றும் போட்டிருந்தது. அவளிடம் அறையே இல்லை. ஆகவே ஆறையும் தைத்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

காசிமாயன் தையல் கடையில் துணி வெட்டுகிறவன். கேட்டதும் வெட்டுத்துணிகளைப் பை நிறையக் கொண்டுவந்தான். "படுக்கத் தரையில எடமில்ல, தலகாணிக்குப் பூ கேக்குதாக்கும்" என்றாள் மாயக்காள். முதல் தலையணை சிவப்பு வெல்வெட்டில், வட்டமாக. அதை வைக்க இடமில்லாமல் மேற்குச் சுவரோரம் வைத்தாள். மறுநாள் பார்த்தபோது சுவர் தலையணை அளவுக்குப் பின்னால் நகர்ந்திருந்தது. இரண்டாவதை வைத்ததும் இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த சோணை ஓடிவந்து, "என் வீட்ல ஒரு வெரக்கட கொறஞ்சாலும் வம்பாயிரும் மாப்ள" என்று காசிமாயனிடம் சத்தம் போட்டார். பிறகு கயிறு பிடித்து அளந்தார். அவர் வீடு அப்படியே இருந்தது. அளந்த கயிற்றைச் சுருட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

ஐப்பசிக்குள் ஐந்து தலையணைகள் ஆயின, பத்தடிக்கு எட்டடியில் அறையும் ஆயிற்று. நீலத் துணியில் தைத்த நான்காவது தலையணையோடு ஒரு ஜன்னலும் வந்தது. அதற்கு நேரே சோணையின் அடுப்படி தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தது எங்கோ மைல் கணக்கில் தள்ளியிருக்கும் ஆனையூர்க் கண்மாய். ஆனால் அறைக்குக் கதவு இல்லை. ஒரு பக்கம் முழுக்கத் திறந்தே கிடந்தது. காத்தாட இருக்கிறது என்று முதலில் மாயக்காள் வெற்றிலைப் பெட்டியோடு உள்ளே வந்தாள். பின்னால் பிள்ளைகள். வாய்தாவுக்குக் கோர்ட்டுக்கு வந்த கொட்டாம்பட்டிச் சொந்தக்காரர்கள் லாட்ஜுக்குப் போவதை நிறுத்தினார்கள். வெல்வெட்டில் எண்ணெய்த் தலையை வைத்துக்கொண்டு, பெண் பார்க்கிற பேச்சையும் அங்கேயே பேசினார்கள். அன்னக்கொடி மறுபடி தவலைக்கு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தாள். கார்த்திகை முழுக்க அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தபடியே இருந்தாள். தைத்ததைப் பிரித்தாள், பிரித்ததைத் தைத்தாள். பஞ்சை மாற்றினாள், பூவை மாற்றினாள். ஒன்றும் மாறவில்லை.

மார்கழியில் ஒரு காலை, ஆறாவது தலையணையை உறைக்குள் நுழைத்து உதறும்போது அது திறந்த பக்கம் வழியாக நழுவிக் கீழே விழுந்தது. அவள் உறையின் வாயைப் பார்த்தாள், அறையைப் பார்த்தாள். இரண்டும் ஒன்றுபோல் இருந்தன. பழைய ரவிக்கையிலிருந்து கொக்கிகளைப் பிய்த்தெடுத்து, உறை வாயில் நெருக்கமாக வைத்துத் தைத்தாள். ஒவ்வொன்றாக மாட்டினாள். மறுநாள் அறைக்கு ஒற்றைக் கதவும், உள்பக்கம் ஒரு தாழ்ப்பாளும் இருந்தன.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து, எல்லோரும் கை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"ஏங்க, உள்ள வாங்க" என்றாள் அன்னக்கொடி.

"ஆளுக பாக்குறாகடி" என்றான் காசிமாயன்.

"அதுக்குத்தேன் கதவு."

தாழ்ப்பாள் விழுந்த சத்தம் குழாயடிவரை கேட்டது. மாயக்காள் ஓடிவந்து கதவைத் தட்டினாள். "ஏண்டி, பட்டப்பகல்ல என்னடி கதவச் சாத்திக்கிட்டு? என்ன வேல உள்ள?"

நான்கு வருடமாக அந்த வீட்டில் குரல் உயர்த்தாதவள் உள்ளேயிருந்து சொன்னாள்: "நாலு வருசமாக் கேட்டுக்கிட்டே இருந்தீகள்ல அத்தே, அந்த வேலதேன்."

குழாயடியில் சோணையின் மனைவி சிரித்த சிரிப்பில் இடுப்புக் குடம் நழுவிற்று. ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற தண்ணீர் வீணாய்ப் போயிற்று. மாயக்காள் கதவிலிருந்து கையை எடுத்தாள். பிறகு பிள்ளைகளை வெளியே விரட்டிவிட்டு, கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வெற்றிலை மடித்தாள். சாயங்காலம் மூட்டையோடு வந்த வாய்தாக்காரர்களிடம், "எடமில்ல, லாட்ஜுக்குப் போங்கப்பா" என்றாள்.

தை பிறந்தும் அவள் கொட்டாம்பட்டிக்குப் போகவில்லை. அந்தப் பொங்கலுக்குக் காம்பவுண்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர் நான்காம் எண் வீட்டில் எத்தனை அறை என்று கேட்டார். இரண்டு என்றாள் மாயக்காள். அவர் இரண்டு அறைக்கும் சுண்ணாம்பு கரைத்தார். முன் அறையை முடித்துவிட்டு, உள் அறைக் கதவு திறக்கும்வரை வாசலில் உட்கார்ந்து பீடி குடித்தார்.